உடனிருப்பவரின் கை

1954ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து மலாயாவின் கோலா கங்சார் மலாய்க் கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்க ஓர் ஆசிரியர் வந்தார். பெயர் ஜான் பர்ஜஸ் வில்சன். வயது 37. ஊரின் மேட்டுப் பகுதியில் இருந்த கிங்ஸ் பெவிலியன் என்ற பழைய மாளிகையில், விடுதி மாணவர்களின் இரைச்சலுக்கு நடுவே, மனைவி லின்னுடன் குடியிருந்தார். ஆர்வத்தோடு மலாய் படித்தார். ஜாவி எழுத்தையும் கற்றுக்கொண்டார். தங்குமிடம் பற்றித் தலைமையாசிரியரோடு பிணக்கு ஏற்பட்டு, அடுத்த ஆண்டே கோத்தா பாருவுக்கு மாற்றலாகிப் போனார். காலனி அரசின் ஊழியர் சொந்தப் பெயரில் கதை வெளியிடுவது சரிப்படாது என்பதால் வேறு பெயர் வைத்துக்கொண்டார். அந்தோணி பர்ஜஸ் என்று உலகம் அறிந்த எழுத்தாளர் அவர்தாம். 1956இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் வரும் ஊர், பெயர் மாற்றப்பட்ட கோலா கங்சார்தான்.

1959இல் அவர் புருணையில் ஆசிரியராக இருந்தார். ஒரு நாள் வகுப்பறையிலேயே சரிந்து விழுந்தார். லண்டனுக்கு அனுப்பப்பட்டார். மூளையில் கட்டி இருக்கிறது, அறுவை செய்ய இயலாது, ஓராண்டுதான் இருப்பீர்கள் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகப் பின்னாளில் எழுதினார். வேலை போயிற்று. சேமிப்பு அதிகம் இல்லை. தாம் போனபின் லின் எதை வைத்துப் பிழைப்பார் என்பதே அவருக்கிருந்த கவலை. விதவைக்கு ஒரு வருமானம் வேண்டும்; தமக்குத் தெரிந்த தொழிலோ எழுத்து. உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். அந்த ஓராண்டில் ஐந்தரை நாவல்கள் எழுதினேன் என்பது அவர் சொன்ன கணக்கு.

ஆண்டு முடிந்தது. அவர் சாகவில்லை. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பெரும்புகழ் தந்த நாவல் 1962இல் வந்தது. எவருக்காக அந்த ஓராண்டு முழுவதும் உழைத்தாரோ அந்த லின் 1968இல் கல்லீரல் நோயால் இறந்தார். பர்ஜஸ் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தது 1993 நவம்பரில். விதவைக்கென்று எழுதப்பட்ட நாவல்களின் ஆசிரியர், மனைவியை இழந்து இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தார்.

மருத்துவர்கள் அப்படி ஒரு கெடுவை உண்மையில் வைத்தார்களா என்றே அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் ஐயப்படுகிறார்கள். அவர் தம் வாழ்க்கையைச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்லும் வழக்கம் உள்ளவர். என்றாலும் அந்த நாவல்கள் இருக்கின்றன. அவற்றின் ஆண்டுகள் பதிவாகி இருக்கின்றன. சாவு வந்துகொண்டிருக்கிறது என்று நம்பிய ஒருவர் அழுது ஓயாமல், தம் தொழிலை முன்னைவிட விரைவாகச் செய்தார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கோலா கங்சாரில் இருந்துகொண்டு எழுத்தாளர்களின் கடைசிக் காலத்தைப் பற்றி யோசிக்கும் எவரும் பர்ஜஸிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. நாள் குறிக்கப்பட்ட எழுத்தாளருக்கு என்ன தேவை, அவர் விட்டுச்செல்வது எப்படி நிலைக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் அவர் வாழ்க்கை ஒருங்கே நம்முன் வைக்கிறது.

*

நமக்குப் பக்கத்தில் இருக்கும் உதாரணம் புதுமைப்பித்தன். அவருக்கு ஓராண்டுக் கெடுகூடக் கிடைக்கவில்லை.

சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் பத்திரிகை வேலைகளை விட்டுச் சினிமாவுக்குப் போனவர். சொந்தமாகப் படம் எடுக்க முயன்று கைப்பொருளை இழந்தார். தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனேக்குப் போனார். அங்கே காசநோய் முற்றியது. 1948 மே மாதம் திருவனந்தபுரத்தில் இருந்த மனைவி கமலாவிடம் வந்து சேர்ந்தார். ஜூன் 30 அன்று இறந்தார். வயது 42. மகள் தினகரி கைக்குழந்தைப் பருவத்தைத்தான் தாண்டியிருந்தாள்.

அந்தக் கடைசி மாதங்களைப் பற்றி நமக்கு ஏதாவது தெரியும் என்றால் அதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் கமலா. வேலைக்காக எங்கெங்கோ இருந்த கணவர் எழுதிய கடிதங்களை அவர் பத்திரப்படுத்தினார். பணத்தட்டுப்பாடு, உடம்பு, ஏக்கம், சமாதானம் எல்லாம் கலந்த அந்தக் கடிதங்கள் பல பத்தாண்டுகள் கழித்து 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்தன. கமலா தாமும் சிறுகதை எழுதியவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். எழுத்தின் மதிப்பு தெரிந்த கை அது. வறுமையில் வீடு மாறுகிறவர்கள் முதலில் தூக்கிப்போடுவது பழைய காகிதத்தைத்தான். அவர் அதைச் செய்யவில்லை.

இன்னொருவர் தொ. மு. சி. ரகுநாதன். நண்பர் இறந்து மூன்றே ஆண்டுகளில், 1951இல், 'புதுமைப்பித்தன் வரலாறு' எழுதி வெளியிட்டார். அப்போது ரகுநாதனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பழகியவர்கள் உயிரோடு இருந்தார்கள், நினைவு பசுமையாக இருந்தது, கேட்டால் சொல்ல ஆள் இருந்தது. பத்தாண்டு தள்ளிப்போட்டிருந்தால் அந்த நூலில் பாதி எழுதப்பட்டிருக்காது.

அதற்குப் பிறகும் வேலை முடியவில்லை. புதுமைப்பித்தன் பல பெயர்களில் எழுதியவர். பல பத்திரிகைகளில் சிதறியவர். ஆ. இரா. வேங்கடாசலபதி பழைய இதழ்களைத் தேடித் தொகுத்து, நூல்வடிவம் பெறாத எழுத்துகளை 'அன்னை இட்ட தீ' என்ற தலைப்பில் 1998இல் கொண்டுவந்தார். கதைகளின் செம்பதிப்பு 2000இல் வந்தது. எழுத்தாளர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு! நாம் இன்று புதுமைப்பித்தன் என்று கையில் எடுக்கும் நூல் 42 வயதில் இறந்த ஒருவர் தனியாக விட்டுச்சென்றது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மனைவி, நண்பர், ஆய்வாளர் என்று மூன்று தலைமுறைகள் சேர்ந்து எடுத்துவைத்தது அது.

பாரதியின் கதையும் இதேதான். 1921 செப்டம்பரில், திருவல்லிக்கேணி வீட்டில், கடைசி இரவில் அவர் ஆப்கானிஸ்தானத்து அமீர் அமானுல்லா கானைப் பற்றி அலுவலகத்தில் கட்டுரை எழுதித்தர வேண்டும் என்று பேசினாராம். அதைச் சொன்னவர்கள் அன்றிரவு உடனிருந்த நண்பர்கள். அவர்கள் கேட்டிராவிட்டால், கேட்டதைச் சொல்லியிராவிட்டால், இறக்கும் இரவிலும் மறுநாள் வேலையை நினைத்த ஒரு பத்திரிகைக்காரரை நாம் அறிந்திருக்க மாட்டோம். பாட்டுகளை நூலாக்கும் பொறுப்பைச் செல்லம்மாள் ஏற்றார். பாரதி ஆசிரமம் என்ற பெயரில் வெளியீடு தொடங்கினார். தம் நினைவுகளை மகளிடம் சொல்லி எழுதவும் வைத்தார். 1949இல் அரசு பாரதியின் எழுத்துரிமையை எடுத்து, பிறகு மக்களுக்கே உரியதாக ஆக்கியது. எழுத்தைக் காப்பதில் அரசு வந்து சேர 28 ஆண்டுகள் ஆயின. அதுவரை அது குடும்பத்தின் பாரமாக இருந்தது.

கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை முடித்தார். குறிப்பு எங்கே இருக்கிறது, அப்பா எந்தக் கதாபாத்திரத்தைப் பற்றி என்ன நினைத்திருந்தார் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்ததால் அது முடிந்தது. இல்லாவிட்டால் வாசகர்கள் பாதியில் நின்றிருப்பார்கள்.

தமிழுக்கு வெளியே பார்த்தாலும் இதே நிலைதான். 1924இல் வியன்னாவுக்கு அருகே கீர்லிங் என்ற ஊரின் சிகிச்சை இல்லத்தில் காஃப்கா கிடந்தார். காசநோய் தொண்டையைப் பற்றியிருந்தது. பேசக் கூடாது என்றார்கள். சொல்ல வேண்டியதைச் சிறு துண்டுக் காகிதங்களில் எழுதிக் காட்டினார். தண்ணீர் பற்றி, பூக்கள் பற்றி, வலி பற்றி எழுதிய துண்டுகள். உடனிருந்து பார்த்துக்கொண்ட இளம் நண்பர் ராபர்ட் குளோப்ஷ்டாக் அவற்றைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார். அதே படுக்கையில் காஃப்கா தம் கடைசிக் கதைத் தொகுப்பின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். விழுங்க முடியாமல் வாடிய மனிதர், பட்டினி கிடப்பதையே கலையாகக் கொண்டவனைப் பற்றிய கதைக்குப் பிழை திருத்தினார். மற்றக் கையெழுத்துப் படிகளை எரித்துவிடச் சொல்லி மாக்ஸ் பிரோடிடம் கேட்டிருந்தார். பிரோட் எரிக்கவில்லை. உலகம் இன்று படிக்கும் காஃப்காவில் பெரும்பகுதி, ஒரு நண்பர் சொல் மீறியதால் கிடைத்தது.

இவற்றை அடுக்கிப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. எழுத்தாளரின் கடைசி மாதங்கள் என்று நாம் பேசுவது பெரும்பாலும் உடனிருந்தவரின் மாதங்களைத்தான். நோயாளிக்கு நினைவு தப்புகிறது, கை நடுங்குகிறது, நாள் கிழமை மறக்கிறது. அந்த நேரத்தில் தேதி குறிப்பவர், காகிதத்தை மடித்து வைப்பவர், கேட்டதைக் கேட்டபடி நினைவில் வைப்பவர் இன்னொருவர். படைப்பு அவருடையது இல்லை. ஆனால் அது நிலைப்பதா அழிவதா என்பது அவர் கையில் இருக்கிறது.

*

இனி நம் மண்ணைப் பார்ப்போம்.

பர்ஜஸின் காகிதங்களுக்கு இன்று மான்செஸ்டரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. அவருடைய இரண்டாம் மனைவி லியானா 2003இல் அதை நிறுவினார். கையெழுத்துப் படிகள், கடிதங்கள், இசைக் குறிப்புகள் எல்லாம் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தபின், 2019இல், அந்தக் காகிதங்களுக்குள்ளிருந்து யாரும் அறியாத ஒரு நூலின் படி கண்டெடுக்கப்பட்டது. கோலா கங்சாரில் ஓராண்டு சொச்சம் இருந்த ஓர் ஆசிரியரின் ஒவ்வொரு தாளுக்கும் இன்று இடம் இருக்கிறது. அது நல்ல காரியம். அதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை.

ஆனால் அவர் இங்கே நாவல் எழுதிய அதே ஆண்டுகளில், கோலா கங்சாருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் இடையே இருந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டு ரப்பரின் கதை தொடங்குவதே கோலா கங்சாரில்தான். 1877இல் ஹியூ லோ நட்ட கன்றுகளில் ஒன்று என்று காட்டப்படும் மரம் இன்னும் ஊருக்குள் நிற்கிறது. அதைச் சுற்றி வேலி இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. அந்தக் கன்றுகளின் வழிவந்த லட்சக்கணக்கான மரங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்கள் தமிழர்கள். பெரட்டுக்கு நின்று, நிரை பிரித்து வாங்கி, வெட்டி முடித்து, பாலைக் கொண்டுபோய்ச் சேர்த்து, பிற்பகலில் லயத்துக்குத் திரும்பியவர்களில் சிலர் இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் கதை எழுதினார்கள். 1950இல் தமிழ் நேசன் பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு தோட்டத்து இளைஞர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் எழுத ஒரு வழி காட்டியது. அடுத்து கு. அழகிரிசாமி வந்து 1957 வரை அந்தப் பத்திரிகையில் இருந்தார். ஞாயிறு பதிப்பில் தன் பெயரைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வழக்கம்போலப் பால் வெட்டப் போனவர்கள் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள்.

அவர்களுடைய காகிதங்கள் எங்கே? பெரும்பாலானவை நூலாகவில்லை. பத்திரிகையில் வந்ததை வெட்டி வைத்தார்கள். வெட்டும்போது தேதி இருந்த மேல்விளிம்பு போய்விட்டது. சிலர் மனைவி பெயரில், மகள் பெயரில், ஊர்ப்பெயரைச் சேர்த்த புனைபெயரில் எழுதினார்கள். எந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். தோட்டம் விற்கப்பட்டது, துண்டாடப்பட்டது, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியது. லயத்தைக் காலி செய்தவர்கள் பாயும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனார்கள். தகரப் பெட்டியில் இருந்த நோட்டுப் புத்தகங்கள் மழையிலும் கரையானிலும் போயின. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. ஒரு பத்திரிகை நிற்கும்போது, அதில் மட்டுமே அச்சான நூற்றுக்கணக்கான பேரின் எழுத்துக்கு வாசல் குறுகிவிடுகிறது.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மலாயாத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானியர் ஆட்சியில் போடப்பட்ட சயாம் மரண ரயில் பாதையை நாம் அறிவோம். 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் உயிரிழந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவர்கள் ஒளித்து வைத்து எழுதிய நாட்குறிப்புகள் நூலகங்களில் இருக்கின்றன. தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு அதே பாதையில் மடிந்த தமிழர்கள் எத்தனை பேர் என்பதற்கு உறுதியான கணக்கே இல்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இந்த நாவல்கள்தாம் அவர்களுக்கு நாம் எழுப்பிய கல்லறை. அரசும் வரலாறும் எண்ணாமல் விட்டவர்களுக்கு எழுத்தாளர் ஒருவரே சாட்சி. அந்தச் சாட்சியும் படுக்கையில் விழும்போது, அவருக்குள் இருக்கும் ஒரு முழுத் தோட்டமும் சேர்ந்து படுக்கையில் விழுகிறது.

நம்பிக்கை தரும் வேலைகளும் நடந்திருக்கின்றன. சை. பீர்முகம்மது தாமே எழுத்தாளராக இருந்தும், பிறர் எழுதிய கதைகளைத் தேடித் திரட்டி 'வேரும் வாழ்வும்' என்ற பெருந்தொகுப்பாகக் கொண்டுவந்தார். அரை நூற்றாண்டு மலேசியத் தமிழ்ச் சிறுகதையை ஒருவர் வீட்டு அலமாரியில் அடக்கிவிட வழிசெய்தது அந்த உழைப்பு. 2023இல் அவரும் மறைந்தார். ரெ. கார்த்திகேசு நோயும் முதுமையும் சூழ்ந்த ஒரு வாழ்க்கையை 'அந்திம காலம்' என்ற நாவலாகவே எழுதியவர். அவர் 2016 அக்டோபரில் மறைந்தார். அந்த நாவல் மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் இருப்பதால், உலகின் எந்த மூலையிலும் ஒரு தமிழர் இன்றிரவே அதைத் திறந்து படிக்கலாம். வல்லினம் இலக்கியக் குழு மூத்த எழுத்தாளர்கள் சிலரை ஆவணப்படங்களில் பதிவு செய்திருக்கிறது. குரலும் முகமும் கையசைவும் இருக்கும் பதிவு, நூல் தராத ஒன்றைத் தருகிறது. இவற்றைச் செய்தவர்கள் பெரிய நிறுவனங்களின் பணத்தை நம்பிக் காத்திருக்கவில்லை.

*

நோயுற்ற எழுத்தாளரைப் பதிவு செய்யப் போகும்போது நமக்கு ஒரு தயக்கம் வருகிறது. அதை மறைக்காமல் பேச வேண்டும். சாகப்போகிறவர் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைப்பது அவருக்குக் கெடு சொல்வது போல ஆகாதா? "உடம்பு தேறட்டும், அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதுதானே மரியாதை? நம் வழக்கத்தில் நோயாளியிடம் சாவைப் பற்றிப் பேசமாட்டோம். "ஒண்ணும் ஆகாது ஐயா" என்றுதான் சொல்வோம். அது அன்பினால் வரும் பேச்சு.

ஆனால் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையிலிருந்து அவரிடம் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சாப்பிட்டீர்களா? மாத்திரை போட்டீர்களா? வலி எப்படி இருக்கிறது? தூங்கினீர்களா? வாழ்நாள் முழுவதும் மனிதர்களைப் பற்றி யோசித்த ஒருவர் ஓர் உடம்பாக மட்டும் சுருங்கிவிடுகிறார். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "நீங்க அந்தக் கதையில கங்காணி மகளை ஏன் திரும்பி வரவைக்கல?" என்று கேட்டால் என்ன நடக்கிறது? சாய்ந்து கிடந்தவர் தலையணையை நிமிர்த்தச் சொல்கிறார். சற்று யோசிக்கிறார். வரவைத்திருக்கலாம் என்கிறார், அல்லது ஏன் கூடாது என்று வாதாடுகிறார். அந்தப் பதினைந்து நிமிடம் அவர் நோயாளி இல்லை. எழுத்தாளர்.

பதிவு செய்வது நாளைய வாசகருக்காக என்று மட்டும் நாம் நினைத்திருக்கிறோம். அது முதலில் அந்தப் படுக்கையில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை. பர்ஜஸுக்கு அந்த ஓராண்டில் உயிர்ப்பைக் கொடுத்தது, முடிக்க வேண்டிய ஒரு பக்கம் எப்போதும் மேசையில் இருந்தது என்பதே. காஃப்காவுக்கு அச்சுப்படி இருந்தது. பாரதிக்கு மறுநாள் தர வேண்டிய கட்டுரை இருந்தது. சாகும் எழுத்தாளருக்கு ஆறுதல் வார்த்தையைவிட ஒரு வேலை அதிகம் உதவுகிறது. அவருடைய எழுத்தைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கும் ஒருவர் அந்த வேலையைக் கொண்டுவருகிறார். எனவே வெறுங்கையோடு போகக் கூடாது. அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் போக வேண்டும்.

அப்படிப் போகிறவர் செய்யக் கூடியது என்ன என்பதும் கடினமானதல்ல. வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டுகளை அவர்முன் பரப்பி, இது எந்தப் பத்திரிகை, ஏறத்தாழ எந்த ஆண்டு, என்ன பெயரில் எழுதினீர்கள் என்று கேட்டு அதன் பின்பக்கத்தில் பென்சிலால் குறிக்கலாம். பழைய நிழற்படங்களில் நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதிக்கொள்ளலாம். அவர் போனபின் அந்த முகங்களுக்கு யாரும் பெயர் சொல்லமாட்டார்கள். அச்சாகாத நோட்டுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகக் கைப்பேசியிலேயே படம் எடுத்து இரண்டு மூன்று இடங்களில் வைக்கலாம். தோட்டத்துப் பேச்சை அவர் குரலிலேயே பதியலாம். தண்டல் எப்படிக் கூப்பிடுவார், பிள்ளைகளை எப்படி அதட்டுவார்கள், மாரியம்மன் திருவிழாவில் எந்தப் பாட்டு என்பதெல்லாம் அகராதியில் இல்லை.

உரிமையைப் பற்றியும் அவர் தெளிவாக இருக்கும்போதே பேச வேண்டும். மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து ஐம்பது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிலைக்கிறது. அது வாரிசுகளிடம் போகிறது. தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளிடம் அந்த உரிமை போய்ச் சேரும்போது, மறுபதிப்பு கேட்டு வருகிறவர் யாரிடம் கையெழுத்து வாங்குவார்? என் எழுத்தை இன்னார் வெளியிடலாம், மின்வடிவில் எல்லாரும் படிக்கட்டும் என்று அவர் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள் பின்னாளில் ஐம்பது ஆண்டுத் தேக்கத்தைத் தவிர்க்கும்.

எதைப் பதியக் கூடாது என்பதும் உண்டு. வலியில் முனகுவதையும், நினைவு தப்பியபோது சொன்னதையும், குடும்பத்துக்குள் இருக்க வேண்டிய கண்ணீரையும் நாம் எடுத்துக்கொள்ள உரிமை இல்லை. நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். அதேபோல, அவர் சொன்னதெல்லாம் அப்படியே வரலாறு ஆகிவிடாது. பர்ஜஸின் கதை நமக்குச் சொல்வது இதையும்தான்: தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும் எழுத்தாளர் அதைக் கதையாக்கிவிடுவார். ஆகவே குரலோடு காகிதமும் வேண்டும், நினைவோடு தேதியும் வேண்டும். அவரை நேசிப்பவர் அவர் பேச்சைச் சரிபார்க்கவும் கடமைப்பட்டவர்.

*

பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் நாம். மங்கில் வடிந்த பாலை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் அது உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும் என்பது நமக்குப் பாடப்புத்தகத்தில் வந்த செய்தி இல்லை. மரம் தன் வேலையைச் செய்துவிட்டது. எடுக்க வேண்டியவர் வராததுதான் குறை. எழுத்தும் அப்படித்தான் நம் கண்முன் உறைகிறது.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் நான் முழுமையாகச் சொல்லவில்லை. நோயுற்ற எழுத்தாளர் முன்னால் போவார், நலமாக இருக்கும் நாம் பின்னால் இருந்து எடுத்துவைப்போம் என்ற எண்ணத்தில் இவ்வளவும் சொன்னேன். லின்னின் வாழ்க்கை அந்த எண்ணத்தை உடைக்கிறது. சாகப்போகிறவர் என்று குறிக்கப்பட்டவர் இருந்தார்; பின்னால் இருப்பவர் என்று நம்பப்பட்டவர் முன்னால் போனார். கெடு யாருக்கு என்று யாரும் அறியமாட்டார்கள். ரகுநாதன் தள்ளிப்போடாததால் நமக்கு ஒரு வரலாறு கிடைத்தது. தள்ளிப்போட்ட எத்தனையோ பேர், தாம் எழுத நினைத்த நண்பருக்கு முன்பே போய்விட்டார்கள். அந்த நூல்களின் பெயர் நமக்குத் தெரியாது.

ஆகவே கடைசி மாதங்களைப் பதிவு செய்வது என்பது கடைசி மாதம் வந்தபின் தொடங்கும் வேலை ஆக முடியாது. ஒரு மொழியில் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் ஒருவருக்கொருவர் எப்போதும் செய்துகொண்டே இருக்க வேண்டிய கடமை அது. எழுதுகிறவர் தம் தாளில் தேதி போட வேண்டும், படிக்கிறவர் படித்ததை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், வீட்டில் இருப்பவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஆவணக் காப்பகம் இதற்குப் பிறகு வரும் படி. முதற்படி ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் எழுத்தை முக்கியம் என்று நினைப்பது.

ஒரு படைப்பு அழியாதது என்று நாம் சொல்லும்போது அதன் தரத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறோம். தரம் வேண்டும், அது இல்லாமல் எதைக் காத்தும் பயனில்லை. ஆனால் தரமான எழுத்து அழிந்ததே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அழிந்ததை நாம் படித்ததில்லை. நம் கையில் இருக்கும் ஒவ்வொரு நல்ல நூலும், யாரோ ஒருவர் ஒரு நாள் தூக்கிப்போடாமல் வைத்த காகிதம். எழுத்தாளர் தம் வாழ்நாளைக் கொடுத்து எழுதுகிறார். அந்த வாழ்நாளுக்கு அப்பால் எழுத்து இருக்க வேண்டுமென்றால் இன்னொருவர் தம் வாழ்நாளில் கொஞ்சத்தை அதற்குக் கொடுக்க வேண்டும். இலக்கியம் நிலைப்பது என்பது அந்தக் கொடுக்கல் தொடர்வது. எந்தத் தலைமுறை கொடுக்க மறுக்கிறதோ அந்தத் தலைமுறையோடு அது முடிந்துவிடும். நம் தலைமுறை அப்படி ஆகக் கூடாது.